நாள் தவறாத நமஸ்காரம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து இன்னும் மேலே ஏறிச் செல்பவர்கள், சேர்வராயன் மலைத்தொடரின் உச்சியில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், குனிந்தே நுழைய வேண்டிய ஒரு குகையினுள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கும் சந்நிதியைக் காண்பார்கள். மலையாளிகள் என்று வழங்கப்பெறும் இம்மலையின் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் அந்தத் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடைபெறுகிறது. கோயிலைச் சூழ்ந்துள்ள திறந்த மேட்டுவெளியில் விடியற்காலையில் கிழக்கு நோக்கி நிற்பவருக்கு, வானம் தெளிந்திருக்கும் நாளில், சூரியோதயம் முழுமையாகக் கிடைக்கும். மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் மூடுபனி மலையைப் போர்த்துக்கொள்ளும் நாட்களிலோ, பொழுது புலர்ந்தது வெளிச்சத்தால் தெரியுமேயன்றி, கதிரவனின் வட்டம் நெடுநேரம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சூரிய நமஸ்காரத்தை நித்திய அப்பியாசமாக மேற்கொள்ள விரும்புவோர் இந்த மலையை மனத்தில் கொள்வது நல்லது. உடல் தெம்பாகவும், வானம் தெளிவாகவும், வேலை குறைவாகவும் உள்ள நாளில் எவரும் உற்சாகமாகப் பயிற்சி செய்துவிடலாம். குளிரும் சோர்வும் அலுவலும் ஒருங்கே சூழ்ந்த நாளில் செய்கின்ற சிறிதளவே அதனை வாழ்க்கையின் அங்கமாக்குகிறது. ஆகையால் இந்தச் சாதனையின் முதல் விதியை இவ்வாறு சொல்லலாம்: அளவைக் குறைத்துக்கொள்ளலாம், நாளைக் குறைத்துக்கொள்ளலாகாது.

சூரியனை வணங்குதல் நம் நாட்டில் மிகப் புராதனமானது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து திங்களையும், அதன்பின் ஞாயிற்றையும், மழையையும் போற்றித் தொடங்குகிறது. தை முதல் நாளில் உழவர் வீட்டு முற்றத்தில் பொங்கல் சூரியனுக்குப் படைக்கப்படுகிறது. கும்பகோணத்துக்கு அருகிலே சூரியனார் கோயில் என்றே ஓர் ஊர் விளங்குகிறது. ஆயினும், பல ஆசனங்களைக் கோவையாகத் தொடுத்து, மூச்சோடு இசைத்துச் செய்யும் தேகப்பயிற்சி என்ற முறையில் சூரிய நமஸ்காரம் நாடெங்கும் பரவியது சென்ற நூற்றாண்டில்தான்.

அவ்வாறு பரவியதற்குப் பெருங்காரணமாக இருந்தவர், மகாராஷ்டிரப் பகுதியில் ஔந்து என்னும் சிறு சமஸ்தானத்தை ஆண்ட பவன்ராவ் ஸ்ரீநிவாஸ்ராவ் பந்த் பிரதிநிதி ஆவார். 1868-இல் பிறந்து 1951-இல் மறைந்த இவ்வரசர், இளமையில் ஸாண்டோ என்ற ஐரோப்பிய பலசாலியின் தேகப்பயிற்சி முறையை ஏறக்குறையப் பத்தாண்டுகள் பின்பற்றி, அதன்பின் சூரிய நமஸ்காரத்தில் ஈடுபட்டு, அதனை அன்றாடக் கடமையாகவே கொண்டார். தம் சமஸ்தானத்துப் பள்ளிகளிலும் புகுத்தினார். அவர் இதனைப் பற்றி எழுதிய நூல் 1938-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியாகி, மேல்நாட்டாரின் கவனத்தையும் ஈர்த்தது. இராஜாங்க அலுவல்களுக்கு நடுவிலும் முதுமை வரையில் ஒருவர் விடாது பேணிய பழக்கமாக இது இருந்தது என்பதுதான் அவருடைய வரலாற்றில் நமக்கு வேண்டிய பகுதி.

தென்னாட்டில் இக்கலையை வளர்த்தவர்களுள் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் தலைமையானவர். 1930-களில் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் அரண்மனை யோகசாலையை நடத்திய அவர், 1950-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, நூறு வயதை எட்டி 1989-இல் மறையும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். அவருடைய புதல்வர் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். மாணவனுடைய வயது, தேக நிலை, தொழில் ஆகியவற்றை ஆராய்ந்து அவனுக்குத் தக்கவாறு பயிற்சியை மாற்றி அமைத்தலே இப்பரம்பரையின் சிறப்பு. கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலாய் நாட்டில் மருத்துவராகத் தொண்டாற்றி, பின்னர் ரிஷிகேசத்தில் துறவியாக அமர்ந்த சுவாமி சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர், பன்னிரண்டு நிலைகள் கொண்ட சூரிய நமஸ்காரத்தைக் கடல் கடந்த நாடுகளிலும் போதித்தார். 2014 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் சபை, ஜூன் 21-ஐச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆண்டில் ஒரு நாள் பல்லாயிரவர் மைதானத்தில் கூடுவது காண இனியதுதான். ஆனால் மற்றை 364 நாட்களிலும் வீட்டு மூலையில் தனியே நிற்பவருக்கே பயன் முழுமையாகச் சேரும்.

இனி, இப்பன்னிரு நிலைகளைக் காண்போம். கிழக்கு நோக்கி நிமிர்ந்து நின்று, கைகளை மார்பருகே கூப்பி, மூச்சை வெளிவிடுவது முதல் நிலை. மூச்சை உள்ளே இழுத்தவாறு கைகளை உயர்த்திச் சற்றே பின்வளைவது இரண்டாவது. வெளிவிட்டுக்கொண்டே முன்குனிந்து உள்ளங்கைகளைப் பாதங்களின் அருகே வைப்பது மூன்றாவது. உள்ளிழுத்து ஒரு காலைப் பின்னே நீட்டி, அதன் முழங்காலைத் தரையில் ஊன்றி, முகத்தை நிமிர்த்துவது நான்காவது. மூச்சை நிறுத்தி, மறு காலையும் பின்னே கொண்டுபோய் உடலை நேர்கோடாகத் தாங்குவது ஐந்தாவது. மூச்சை விட்டு, பாதங்கள், முழங்கால்கள், கைகள், மார்பு, மோவாய் ஆகிய எட்டும் தரையில் படிய வணங்குவது ஆறாவதான அஷ்டாங்க நமஸ்காரம். உள்ளிழுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம் ஏழாவது. வெளிவிட்டு இடுப்பை மேலே தூக்கி மலை வடிவில் நிற்கும் பர்வதாசனம் எட்டாவது. அதன்பின், முதலில் பின்னே சென்ற கால் முன்னே வர, நான்காவது, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது நிலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்து எழுந்து நிற்பதோடு பன்னிரண்டும் நிறைவுறும். அடுத்த முறை மறு காலை முதலில் நீட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஒரு முழுச் சுற்று. குருமரபுக்கு ஏற்பச் சில நிலைகளும் மூச்சின் வரிசையும் மாறுபடும்; எந்த முறையைக் கற்றாலும் அதனிலேயே நிலைத்திருப்பது நலம்.

இந்தக் கோவையில் முதுகெலும்பு மாறி மாறி முன்னும் பின்னும் வளைகிறது, தொடையின் பின்தசைகளும் தோள்களும் நீட்சி பெறுகின்றன, கைகளும் வயிற்றுத் தசைகளும் உடலின் பாரத்தைத் தாங்கப் பழகுகின்றன, சுவாசம் சீராகிறது. விடியற்காலை வெளிச்சத்தில் செய்வதனால் மற்றொரு நன்மையும் உண்டு. உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் நம் உடலின் உட்கடிகாரம் காலையொளியைக் கண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. பனி மூடிய நாளிலும் வெளியிலுள்ள வெளிச்சம் வீட்டு விளக்கினும் பன்மடங்கு மிகுதி. ஆதலால் சேர்வராயன் மலையில் சூரியன் தென்படாத காலையிலும் முற்றத்தில் நின்று செய்த நமஸ்காரம் வீணாவதில்லை. சூரியனை நேரே உற்றுநோக்குவது கண்ணுக்குக் கேடு. திசையை நோக்கினால் போதும்.

பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும் என்று பலர் கேட்பதுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 96 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செய்கை தானே நிகழும் வழக்கமாவதற்கு ஏறக்குறைய 66 நாட்கள் பிடித்தன என்றும், ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது என்றும் கண்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் பெரிதும் குலையவில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ஆகவே ஒரு நாள் விடுபட்டவர் மனந்தளர்ந்து முழுவதையும் கைவிட வேண்டியதில்லை; மறுநாள் வழக்கமான வேளையில் வழக்கமான இடத்தில் நின்றால், இழந்தது ஏதுமில்லை.

வேளையையும் இடத்தையும் மாற்றாதிருத்தல் பாதி வெற்றி. பல் துலக்கி முகம் கழுவியவுடன், காப்பி அருந்துவதற்கு முன், வெறும் வயிற்றில் தொடங்குவது பெரும்பாலோர்க்கு இசையும். மாலையில் செய்பவர்கள் உணவு முடிந்து மூன்று நான்கு மணி நேரம் கழிய விட வேண்டும். பாயையோ ஜமுக்காளத்தையோ இரவே விரித்து வைத்தால், காலையில் தயக்கத்துக்கு இடமிராது. குளிர் மிகுந்த மலைநாட்டில் தசைகள் இறுகியிருக்குமாதலால், சில நிமிடங்கள் நடந்தும், கைகால்களை அசைத்தும் உடலைச் சூடேற்றிய பின்னரே குனிய வேண்டும். முதல் இரு வாரங்களுக்கு மூன்று சுற்றுகள் போதும். அவை எளிதாகிவிட்ட பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி, பன்னிரண்டில் நிறுத்திக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஏறும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் வேகத்தை அடக்கியே உயரத்தை அடைவது போல, இங்கும் நிதானமே ஏற்றம் தரும். மூச்சு இரைக்கத் தொடங்கினால் அன்றைய அளவு முடிந்தது என்று கொண்டு, சவாசனத்தில் சில நிமிடம் படுத்து இளைப்பாற வேண்டும். சூரிய நமஸ்காரம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று எண்ணுவதும் தவறு. மெதுவாகச் செய்யும்போது இது மென்மையான பயிற்சியேயாதலால், நாள்தோறும் நடைப்பழக்கமும் உடன் இருத்தல் வேண்டும்.

உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், முதுகெலும்பு வட்டு விலகல் ஆகியவை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஆலோசனையின்றித் தொடங்கலாகாது. முழங்கால் வலியுள்ள முதியோர் நாற்காலியில் அமர்ந்தும் இதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். தொடக்கத்தில் சில நாட்களேனும் தகுந்த ஆசிரியரின் கண் முன்னே கற்பது அவசியம். படத்தைப் பார்த்துப் பழகுபவருக்குத் தம் முதுகு எப்படி வளைகிறது என்பது தெரியாது.

அன்பார்ந்த வாசகர்களே, பெரிய சங்கற்பங்களோடு தொடங்கிச் சில வாரங்களில் ஓய்ந்துபோகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நூற்றெட்டு நமஸ்காரங்களை ஒரே நாளில் செய்து மறுநாள் படுக்கையில் கிடப்பதைக் காட்டிலும், நாளொன்றுக்கு மூன்று சுற்றாக ஆண்டு முழுவதும் செய்பவர் உடலுக்கும் உள்ளத்துக்கும் மெய்யான உபகாரம் செய்துகொள்கிறார். உங்கள் தேக நிலைக்கு ஏற்ற சிறிய அளவை இன்றே தீர்மானித்து, நாளைக் காலை வானம் தெளிந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அதனைத் தொடங்குங்கள்.