நிர்வாகி பூட்டிக்கொண்டால் யார் திறப்பது?

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூரில் முன்பே சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வளர்ந்தது. இப்போது அங்கே வேறு விதமான கிடங்கு! ஜப்பானைச் சேர்ந்த என்.டி.டி. கம்பெனி 2023-ல் அதைத் திறந்தது. உள்ளே நெல் மூட்டையும் இல்லை, பஞ்சுப் பொதியும் இல்லை. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்!

உலகெங்கும் இப்படிக் கிடங்குகள் உண்டு. பல கம்பெனிகள் தங்கள் கணக்கு வழக்குகளை அவற்றில் வாடகைக்கு வைக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு 'கிளவுட்', அதாவது மேகம் என்று பெயர். பெயர்தான் மேகம், சரக்கு இருப்பது தரையில்!

'ஸ்னோபிளேக்' என்ற அமெரிக்கக் கம்பெனி, அமேசான், மைக்ரோசாப்ட், கூகிள் ஆகியவற்றின் கிடங்குகளில் பிறருடைய கணக்குகளை வைத்து நடத்தித் தருகிறது. அங்கே 'பாஸ்வேர்டு' என்ற ரகசியச் சொல்தான் சாவி.

ஐந்து முறை தவறினால்...

ரகசியச் சொல்லை ஐந்து முறை தவறாக அடித்தால் கதவு 15 நிமிடம் மூடிக்கொள்ளும். திருடன் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கக் கூடாதல்லவா? அவசரம் என்றால் நிர்வாகி உடனே திறந்துவிடலாம்.

அந்த நிர்வாகியே சொல்லை மறந்துவிட்டால்? வந்தது வம்பு! அவர் உண்மையான ஆள்தானா என்று கம்பெனி விசாரிக்கும். இரண்டு வேலை நாள் வரை ஆகலாம். அன்று சம்பளப் பட்டியல் போடும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம்! அதனால்தான் இரண்டு நிர்வாகிகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே சொல்கிறது.

சுவரை இடிக்காத திருட்டு

2024-ல் ஒரு பெரிய திருட்டு நடந்தது. ஸ்னோபிளேக்கின் வாடிக்கையாளர்களில் சுமார் 165 கம்பெனிகளுக்கு ஆபத்து என்று எச்சரிக்கை போயிற்று. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. டெலிபோன் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் யார் யாருடன் பேசினார்கள் என்ற விவரமும் பறிபோனது.

திருடர்கள் கிடங்கின் சுவரை இடிக்கவில்லை. ஊழியர்களின் கம்ப்யூட்டர்களில் புகுந்த திருட்டு நிரல்கள் ரகசியச் சொற்களைச் சுருட்டி வைத்திருந்தன. சில 2020-லேயே களவு போனவை. நான்கு வருஷமாக யாரும் மாற்றவில்லை! சில கம்ப்யூட்டர்களில் விளையாட்டும் நடந்தது. காசு கொடுக்காத கள்ளச் சரக்கும் ஏற்றப்பட்டது.

பறிபோன கணக்குகளில் இரண்டாவது பூட்டு இல்லை. அது இருந்திருந்தால், ரகசியச் சொல்லோடு ஊழியரின் கைப்போனிலும் சம்மதம் கேட்டிருக்கும்.

சரி, அந்தப் போனே தொலைந்துபோனால்? நிர்வாகி சில நிமிடங்களுக்கு மட்டும் இரண்டாவது பூட்டை விலக்கித் தரலாம். நிர்வாகியின் போனே தொலைந்தால், இன்னொரு நிர்வாகியிடம்தான் ஓட வேண்டும்.