ஓய்வு பெற்ற நிரலகமும் விலகாத பயனர்களும்

மென்பொருள் எழுதுவோர் பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்புகளை, அதாவது நிரலகங்களை, எடுத்தாள்கின்றனர். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் சூழலில் இணையச் சேவையகங்களிடமிருந்து தரவு பெற உதவிய 'ரிக்வெஸ்ட்' அத்தகையது. அது கோலோச்சும்வரை புதிய நிரலகங்கள் தலையெடுப்பது கடினம் என்று கருதியே 2019இல் அதன் வளர்ச்சியை நிறுத்தும் முடிவு முன்வைக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பட்டது; இதை இத்துறையில் அரிய பெருந்தன்மை எனலாம். அதன்பின் நிறுவும்போதெல்லாம் எச்சரிக்கை தோன்றியும் பதிவிறக்கம் ஓயவில்லை. ஏனெனில் பலர் அதை நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்; அவர்கள் பயன்படுத்தும் வேறொரு நிரலகம் அதைச் சார்ந்திருப்பதால், எச்சரிக்கையைக் காண்பவருக்கு அதை மாற்றும் வாய்ப்பே பெரும்பாலும் இல்லை. ஆகவே அறிவிப்பைக் காட்டிலும், அந்த இடைநிலை நிரலகங்களின் ஆசிரியர்களை அணுகி, மாற்றத்துக்குரிய திருத்தங்களை எழுதியே கொடுப்பது கூடுதல் பயன் தரும். 2022இல் நோட்.ஜேஎஸ் தன்னுள்ளேயே அதே பணிக்கான 'ஃபெட்ச்' வசதியைச் சேர்த்ததால் அந்த வேலையும் எளிதாகியுள்ளது.