பச்சைக் கறியில் பதுங்கும் பறவைக் காய்ச்சல்

ஆந்திராவில் நரசராவ்பேட்டை என்று ஓர் ஊர். அங்கே 2 வயதுப் பெண் குழந்தை ஒன்று 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் இறந்து போனது.

காரணம், பறவைக் காய்ச்சல்!

வீட்டில் கோழிக்கறி நறுக்கிக்கொண்டு இருந்தார்கள். குழந்தை ஆசையாகக் கேட்டது. பச்சைக் கறியில் ஒரு சிறு துண்டைக் கொடுத்தார்கள். குழந்தை அதைத் தின்றது. சில நாட்களில் காய்ச்சல் கண்டது. மூச்சுத் திணறியது. மங்களகிரி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

அந்தப் பச்சைக் கறியில் இருந்தே நோய் தொற்றியிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கருதினார்கள். அதே கறியைச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டாருக்கோ ஒன்றும் ஆகவில்லை!

குழம்பு கெடுதல் செய்யாது

ஏன் தெரியுமா? 70 டிகிரி சூட்டிலேயே இந்தக் கிருமி செத்துவிடும். நம் வீட்டுக் குழம்பு கொதிப்பது 100 டிகிரியில். ஆகவே, வதந்தி கிளம்பும்போதெல்லாம் கோழியையும் முட்டையையும் ஒதுக்க வேண்டியது இல்லை. நோய் பரவும் காலத்தில் "ஆப்பாயில்" மட்டும் வேண்டாம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி வாசனைதான். தாய்மார்கள் கறி நறுக்கும்போது குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். வேலை முடிந்ததும் கை, கத்தி, பலகை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்கக் கூடாது.

எங்கிருந்து வருகிறது?

வாத்து போன்ற நீர்ப்பறவைகள் இந்தக் கிருமியைச் சுமந்து செல்கின்றன. பல சமயம் அவற்றுக்கு நோவு தெரியாது. கோழிக்குத் தொற்றினாலோ இரண்டொரு நாளில் கூண்டே காலி!

கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கும் பறவைகள் வருகின்றன. பயம் வேண்டாம், பார்த்து ரசிக்கலாம். ஆனால், செத்துக் கிடக்கும் பறவையை, அது காக்கையானாலும், பிள்ளைகள் தொடக் கூடாது.

1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு இந்நோய் கண்டது. 6 பேர் இறந்தனர். அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றார்கள். இந்தியக் கோழிகளிடம் 2006-ல், மராட்டிய மாநிலம் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2021-ல் டெல்லியில் அரியானா சிறுவன் ஒருவன் இறந்தான். இந்தியாவில் முதல் மனித பலி அதுதான்.

2003 முதல் உலகம் முழுவதும் 900 பேருக்கு மேல் நோய் கண்டு, ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டனர். மனிதரிடம் இருந்து மனிதருக்கு எளிதில் பரவுவது இல்லை. அது ஒன்றே ஆறுதல்.

செத்த கோழியை என்ன செய்வது?

புறக்கடையில் நாலு கோழி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். கோழி சுருண்டு படுத்தால், "சாவதற்குள் அறுத்துவிடுவோம்" என்று கத்தி எடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஆபத்தே அங்கேதான்! கிருமி இறகிலும் எச்சத்திலும் ரத்தத்திலும் இருக்கும். கோழியின் விலை போனால் போகட்டும்.

கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். அதுவரை வெறுங்கையால் தொடாதீர்கள்.

அதன்பின் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், கண் சிவப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு "ஒசெல்டாமிவிர்" என்ற மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் நல்ல பலன். கோழி செத்ததையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே அவர் நினைப்பார்.