காய்ச்சல் வராத தொற்று: முதுமையும் நம் எதிர்ப்பாற்றலும்

“காய்ச்சல் இல்லையே என்றுதான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம்.” நிமோனியாவோடும் சிறுநீர்த் தொற்றோடும் பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகளிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. இதனைக் கவனக்குறைவு என்று சொல்வதற்கில்லை. உடல் சுட்டால் நோய், சுடாவிட்டால் நலம் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. இளைஞர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். எழுபதைக் கடந்தவர்களுக்குப் பல வேளைகளில் பொருந்துவதில்லை. கடுமையான தொற்றுக்கு ஆளான முதியவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல் மிகக் குறைவாகவே இருக்கும், அல்லது வராமலே போகும். ஏன் இப்படி நேர்கிறது என்பதை அறிந்துகொண்டால், வீட்டிலுள்ள முதியவரைக் கவனித்துக்கொள்ளும் முறையே மாறிவிடும்.

நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் முதன்மையான காவலர்களுள் ஒரு வகையினர் டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இவை, மார்பெலும்புக்குப் பின்னால் இதயத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ள தைமஸ் சுரப்பியை அடைந்து பயிற்சி பெறுகின்றன. கிருமியை இனங்காணவும், சொந்தத் திசுக்களைத் தாக்காமலிருக்கவும் அங்கேதான் அவை கற்றுக்கொள்கின்றன. 1961-இல் ஜாக் மில்லர் என்னும் ஆய்வாளர் எலிகளில் நடத்திய சோதனைகளால் இந்தச் சுரப்பியின் பணியை வெளிப்படுத்தினார். அதுவரை, பெரிதாகப் பயனில்லாத உறுப்பு என்றே பலரும் அதனைக் கருதி வந்தனர்.

தைமஸ் குழந்தைப் பருவத்தில் செழித்திருக்கும். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கொழுப்புத் திசுவாக மாறுகிறது. அதனால் வயது ஏற ஏற, புதிதாகப் பயிற்சி பெற்று வெளிவரும் டி அணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. முன்பு கண்ட கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் பழைய அணுக்களே பெரும்பான்மையாக எஞ்சுகின்றன. இதுவரை காணாத கிருமி ஒன்று வரும்போது அவை தடுமாறுகின்றன. கொரோனா பரவிய காலத்தில் முதியோர் பேரிழப்புக்கு ஆளானதற்கு இதுவும் ஒரு காரணம். சுருங்கிய நிலையிலும் தைமஸ் பயனற்றுப் போவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அறுவை சிகிச்சையில் தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களில் 8.1 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்திருந்தனர். அதே போன்ற மார்பு அறுவை சிகிச்சை பெற்று, தைமஸ் அகற்றப்படாதவர்களில் இந்த அளவு 2.8 விழுக்காடுதான்.

காய்ச்சலும் எதிர்ப்பு மண்டலத்தின் செயலே. கிருமியைக் கண்ட வெள்ளையணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி மூளையை எட்டியதும் உடலின் வெப்பம் உயர்த்தப்படுகிறது. முதுமையில் அந்தச் செய்தியும் வலுக்குறைகிறது, வெப்பத்தை உண்டாக்கும் தசையும் மெலிகிறது. பல முதியவர்களின் இயல்பான வெப்பநிலையே சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆகவே தொற்று முற்றியிருந்தாலும் வெப்பமானி உயர்ந்த அளவைக் காட்டாமல் போகலாம்.

இது முதுமையின் ஒரு பக்கம். எதிர்ப்பு மண்டலம் முழுவதுமாக ஓய்ந்துவிடுகிறது என்று இதனைக் கொண்டு எண்ணிவிடக் கூடாது. தொற்றே இல்லாத வேளையிலும் உடலுக்குள் மெல்லிய அழற்சி ஒன்று நீறு பூத்த நெருப்பாக நீடிக்கிறது. பிரிந்து பெருகும் திறனை இழந்தும் மடியாமல் தங்கிவிடும் முதிய அணுக்கள், வயிற்றுக் கொழுப்பு, ஈறு நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, புகையிலை ஆகியவை அதனை ஊதிவிடுகின்றன. இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் இந்த நிலைக்கு ‘முதுமை அழற்சி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதிலும், இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போவதிலும், தசை தேய்வதிலும் இதற்குப் பங்குண்டு.

ஆயுளோடும் இந்த அழற்சிக்குத் தொடர்பு உண்டு. நூறு வயதைக் கடந்தோர், அவர்களின் பிள்ளைகள், மற்ற முதியோர் என 1,500-க்கும் மேற்பட்டவர்களை ஜப்பானில் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். முதிர்ந்த வயதிலும் எஞ்சிய ஆயுளையும், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றலையும், சிந்தனைத் தெளிவையும் முன்கூட்டியே காட்டியவற்றுள் அழற்சியின் அளவு முக்கியமானதாக இருந்தது. அழற்சி குறைந்திருந்தவர்களே நன்றாக வாழ்ந்தனர்.

அப்படியானால் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 2017-இல் வெளியான பெரும் ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. ஏற்கெனவே மாரடைப்பு கண்டு, அழற்சி மிகுந்திருந்த 10,000-க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். கனாகினுமாப் என்னும் ஊசி மருந்து கொலஸ்ட்ராலைக் குறைக்காமலேயே, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சுமார் 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் மருந்து பெற்றவர்களிடையே தொற்றால் நேர்ந்த மரணங்கள் கூடின. இதய நோய்க்கு அதனைப் பயன்படுத்த அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை. அழற்சியை ஒரேயடியாக அடக்கினால், தொற்றை எதிர்க்கும் ஆற்றலும் உடன் குறைகிறது.

“எதிர்ப்புச் சக்தி கூடுவதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடையும் இதிலேயே அடங்கியுள்ளது. முதியவரின் எதிர்ப்பு மண்டலம் சில இடங்களில் குறைந்தும், சில இடங்களில் மிகுந்தும் இயங்குகிறது. அதனை மொத்தமாகக் கூட்டும் மாத்திரையோ பொடியோ கிடையாது. அத்தகைய முயற்சி தீங்காகவும் முடியலாம். கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் உட்கொண்ட சிலரின் கல்லீரல், உடலின் எதிர்ப்பு அணுக்களே தாக்கியது போன்ற முறையில் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். இயற்கைப் பொருளானாலும், நீங்கள் உட்கொள்வது எதுவாயினும் உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மூட்டு வலிக்கென்று மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்பதும் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும். மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

உண்மையில் பயன் தருபவை எளியவை. முதலாவது தடுப்பூசி. கற்றுக்கொள்ளும் வேகம் குறைந்த மண்டலத்துக்குக் கிருமியை முன்கூட்டியே அறிமுகம் செய்துவைப்பதே அதன் பணி. இன்ஃபுளுயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். நிமோகாக்கஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் அக்கியாக எழுகிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கென உள்ள இரண்டு தவணைத் தடுப்பூசி, எழுபதைக் கடந்தவர்களிடமும் சுமார் 90 விழுக்காடு பாதுகாப்பு அளித்ததாக ஆய்வுகள் காட்டின. அக்கி கண்டுவிட்டால் காவியால் எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். கண்ணருகே தோன்றினால் அன்றே வர வேண்டும்.

இரண்டாவது உடலியக்கம். இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையிலான 125 மிதிவண்டி ஆர்வலர்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். தைமஸிலிருந்து புதிதாக வெளிவரும் டி அணுக்களின் அளவு, அவர்களிடம் இளைஞர்களுக்கு நிகராக இருந்தது. எல்லோரும் அவர்களைப் போல நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்ட இயலாது. ஆயினும் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நாள்தோறும் நடப்பதும், நாற்காலியிலிருந்து கைப்பிடிக்காமல் பலமுறை எழுந்து அமர்வதும் தசையைக் காக்கும். பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவு இதற்குத் துணை. சர்க்கரைக் கட்டுப்பாடு, ஈறுகளின் தூய்மை, போதிய உறக்கம், புகையிலையை விடுதல் ஆகியவை உள்ளே கனலும் அழற்சியைத் தணிக்க உதவும்.

மூன்றாவது, உங்கள் கண்காணிப்பு. முதியவர் நலமாக இருக்கும் நாள்களில் சில முறை வெப்பநிலையை அளந்து, அவருடைய இயல்பான அளவைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து 2 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்ந்தாலோ, 100 டிகிரியைத் தாண்டினாலோ அதனைக் காய்ச்சலாகவே கொள்ள வேண்டும். வெப்பநிலை மாறாவிட்டாலும் திடீர் மனக்குழப்பம், உணவில் திடீர் வெறுப்பு, பகல் முழுதும் ஓயாத தூக்கம், காரணமின்றிக் கீழே விழுதல், புதிதாகப் படுக்கையில் சிறுநீர் கழிதல் ஆகியவை தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். அவர் அமைதியாக இருக்கையில் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். 25-ஐத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

“வயதாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார்” என்று அருகிலிருப்போர் சொல்லக்கூடும். நேற்றுவரை பேரப்பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று தடுமாறினால் அதற்கு வயது காரணமாகாது. வயது ஓர் இரவில் கூடுவதில்லை. முதியவரின் இயல்பு நிலை எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எனவே வெப்பமானி என்ன காட்டினாலும், “இவர் எப்போதும் இப்படி இருப்பவரல்லர்” என்று உங்களுக்குத் தோன்றினால், அதை எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். பல வேளைகளில் தொற்றின் முதல் அறிகுறி அதுவே.