கணக்கில் ஏறாத நோக்கம்: கணினி விளையாட்டுகளை முன்வைத்து

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு முதலில் ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறேன். 1999இல் வெளியான 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற விளையாட்டு. பிணக்கிடங்கு மேடை ஒன்றில், நினைவெல்லாம் அழிந்துபோன ஒருவன் கண்விழிக்கிறான். அவனுக்குச் சாவு கிடையாது, செத்தாலும் திரும்ப எழுந்துகொள்வான். பெயரும் கிடையாது. அவனாக இருந்து ஆட வேண்டியது நாம். எதிர்ப்படுகிறவர்களோடு பேச வேண்டும். நாம் சொல்லத்தக்க பதில்கள் திரையின் கீழே வரிசையாக வரும். சில இடங்களில் ஒரே பதில் இரண்டு தடவை வருகிறது. 'செய்கிறேன்' என்கிற மாதிரி ஒரு வரி, அதற்கு 'உண்மை' என்று குறிப்பு. அடுத்ததும் அதே வரிதான், அதற்குக் குறிப்பு 'பொய்'. எதிரே நிற்பவர் காதில் விழப்போவது இரண்டிலும் அதே சொல்.

முதல் தடவை எதை அழுத்துவதென்று தெரியாமல் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். படைத்தவனின் நோக்கம் பிரதிக்கு வெளியே உள்ள சமாச்சாரம், வாசகனுக்கு அது தேவையே இல்லை என்று கூட்டங்களில் தொண்டைத்தண்ணி வற்றச் சண்டை போட்டவன் நான். ரோலான் பார்த் 1967இல் எழுதிய 'ஆசிரியனின் மரணம்' எங்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட வேதவாக்கு. இப்ப ஒரு எந்திரம் என்னைப் பார்த்துக் கேட்குது: சொன்னது சரி, என்ன நினைச்சுச் சொன்னே?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுகளின் பூர்வீகம் கணினி அல்ல, நாலுபேர் சுற்றி உட்காரும் ஒரு மேசை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆளுக்கொரு வேஷம். பலம், புத்தி, விவேகம் எல்லாமே பகடை உருட்டி வருகிற எண்கள். இதில் பிற்பாடு அறமும் கட்டங்களுக்குள் வந்துசேர்ந்தது: நல்லவன், நடுவானவன், தீயவன் என்று ஒரு வரிசை, ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவன், நடுவானவன், தான்தோன்றி என்று இன்னொன்று. ஆக ஒன்பது கட்டம். உலகத்தை விவரிக்கவும் தீர்ப்புச் சொல்லவும் ஒரு நடுவர். அந்த நடுவர் மனுஷர் என்பதுதான் முக்கியம். ஒருத்தன் வாக்குக் கொடுக்கும்போது அவன் முகத்தை அவர் பார்க்கலாம், 'நிஜமாத்தான் சொல்றியா?' என்று கேட்கலாம். கணினி வந்து நடுவரின் நாற்காலியில் உட்கார்ந்தபோது பகடையை அதனால் உருட்ட முடிந்தது, முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனவே மனசில் இருப்பதையும் எழுத்தாக்கித் தேர்வுப் பட்டியலில் வைக்க வேண்டிவந்தது. 'டார்மென்ட்' நாயகன் ஒன்பது கட்டத்தின் நட்டநடுவில் தொடங்குகிறான். பொய் சொல்லச் சொல்ல, தான்தோன்றிப் பக்கம் நகர்கிறான்.

வாக்குறுதி தருவது ஒரு தகவலைச் சொல்வதல்ல, ஒரு செயலைச் செய்வது என்றார் ஆஸ்டின் (அவருடைய உரைகள் நூலானது 1962இல்). மனசில்லாமல் கொடுத்தாலும் வாக்குறுதி வாக்குறுதிதான், பழுதுபட்டதே தவிர இல்லாமல் போய்விடாது. 'டார்மென்ட்' இதை இரண்டாகப் பிளந்துவிடுகிறது: செயல் எதிரே நிற்பவருக்கு, நோக்கம் கணக்குப் புத்தகத்துக்கு. இப்படிப் பிளந்து காட்டிய துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வரி குறைகிறது. நான் கொடுத்த வாக்குகளில் பாதி, கொடுக்கிற சமயத்தில் உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாதவை. (மதிப்புரை எழுதித் தருகிறேன் என்று புத்தகம் வாங்கிவந்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.)

இதற்கு 14 வருஷம் முன்னால், 1985இல், ரிச்சர்ட் கேரியட் செய்த 'அல்டிமா 4' நோக்கத்தைக் கேட்கவே இல்லை. அதில் தோற்கடிக்க வில்லனும் இல்லை. எட்டுக் குணங்களில் தேறுவதுதான் விளையாட்டு. மந்திரத்துக்கான மூலிகை விற்கிறவளுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்கிறாள், எவ்வளவு தருகிறோம் என்பதை நாமே எண்ணிப் போடவேண்டும். குறைத்துப் போட்டுப் பார்த்தேன். வாங்கிக்கொண்டாள். சத்தம் இல்லை, தண்டனை இல்லை. ஆனால் உள்ளே சித்திரகுப்தன் மாதிரி ஒரு ஏடு ஓடிக்கொண்டிருக்கிறது, நேர்மையில் கழிந்துகொண்டே வருகிறது. அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நம் நிலைமை தெரியும்.

கேட்டு எழுதினாலும் கேட்காமல் எழுதினாலும் ஏடு என்று ஒன்று இருந்தது. 'சாண்ட்பாக்ஸ்' என்கிற வகைக்கு வந்தால் அது இருக்காது, அதுதான் சுதந்திரம் என்றார்கள். மணல்பெட்டி என்று மொழிபெயர்ப்பதைவிடச் சிற்றில் என்று சொல்லிவிடலாம். கட்டுவதும் கலைப்பதும் பிள்ளைகள் இஷ்டம். ஸ்வீடனின் மார்கஸ் பெர்சன் 2009இல் பொதுவில் விட்டு, 2011இல் முழுவடிவம் பெற்ற 'மைன்கிராஃப்ட்'டை எடுத்துக்கொண்டேன். கனசதுரக் கட்டிகளால் ஆன உலகம். வெட்டலாம், அடுக்கலாம், கதைக்குக் கட்டாயமில்லை.

அங்கே கிராமத்தார் உண்டு. வேலையற்ற ஒருவருக்குப் பக்கத்தில் வாசிப்புப் பீடம் ஒன்றை வைத்தால் அவர் நூலகர் ஆகிவிடுவார், மந்திரப் புத்தகம் விற்பார். நமக்கு வேண்டிய புத்தகம் அவரிடம் இல்லையா? ஒரு தடவைகூட வியாபாரம் செய்யாத வரைக்கும், பீடத்தை உடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். சரக்கு மாறும். பிடிக்காவிட்டால் திரும்ப உடைக்கலாம். அவர் நகர்ந்து போய்விடக் கூடாதே என்று ஒரு கட்டி அகலத்தில் சுவர் எழுப்பி உள்ளே நிறுத்திவிடுவது ஆடுகிறவர்களிடையே சாதாரண வழக்கம். நானும் நிறுத்தினேன். இருபத்திச் சொச்சம் தடவை பீடத்தை உடைத்திருப்பேன்.

ஏடு இல்லை என்றது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. கிராமத்தாரை அடித்தால் விலை ஏறும். சுவருக்குள் அடைத்தால் ஏறாது. இன்னும் ஒன்று. நடைப்பிணம் ஒன்றை அவர்மேல் ஏவி அவரையும் நடைப்பிணமாக்கி, பிறகு மருந்து எறிந்து, பொன் ஆப்பிள் கொடுத்துக் குணமாக்கினால், குணமாக்கிய புண்ணியத்துக்கு விலையைக் குறைக்கிறார்! நோயை ஏவியது யார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை, வைத்தியம் மட்டும் ஏறுகிறது. செயல் மட்டும் போதும், நோக்கம் வேண்டாம் என்று கூட்டங்களில் நான் பேசிய வாதம் அப்படியே சட்டமாகி நடப்பிலிருக்கிற ஒரு ஊர். எனக்கு அங்கே நல்ல பேர்.

என் வாதத்தை முழுக்கக் கைவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஒரு கவிதையை வாசிக்க இன்றைக்கும் கவிஞனின் மனசு எனக்கு வேண்டியதில்லை. ஆனால் வாசிக்கிறவனின் மனசு? பிரதியோடு விளையாடுகிறவன் என்று அவனைக் கொண்டாடி எழுதினோமே, அவன் என்ன நினைச்சு விளையாடுகிறான் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தோம்.

போன வாரம் அந்தச் சுவரை இடித்துவிட்டேன். இடித்ததற்கும் விளையாட்டில் கணக்கு கிடையாது. நூலகர் கொஞ்சம் சுற்றினார், ராத்திரி எங்கேயோ போய்ப் படுத்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அதே பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அது அவருடைய வேலைநேரம்.