பெட்டிக்குள்ளே இருக்கும் ஐந்து லட்சம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவர் கணவரின் இதய ஆபரேஷனுக்காக வட்டிக்கு வாங்கியிருக்கிறார். தாலிக்கொடியும் அடகில். "காப்பீட்டு அட்டை இல்லையா அக்கா?" என்று கேட்டோம். "இருக்கு. சும்மா குடுத்த அட்டைதானே, அதுக்கு யாரு பெரிய ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு பெட்டியிலயே வச்சிட்டேன்" என்றார். எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

தோழிகளே, அது சும்மா வந்த அட்டை இல்லை. நம் குடும்பத்துக்கான பிரீமியத்தை அரசு வருடா வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டுகிறது. 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். இவ்வளவு குறைவா என்று கேட்பீர்கள். கோடிக்கும் மேல் குடும்பங்களுக்கு மொத்தமாகக் கட்டுவதால்தான் முடிகிறது. நம் குழு நிதி மாதிரிதான்: எல்லார் பேரிலும் பணம் சேரும், கஷ்டம் வந்தவர் எடுத்துக்கொள்வார்.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் காய்ச்சல், சளிக்கு ஊசி போட இது உதவாது. பட்டியலில் உள்ள ஆபரேஷன், சிகிச்சை, பரிசோதனைகளுக்கு மட்டும்தான்.

ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய். 2022-ல் 1,20,000 ஆனது. அன்றைக்கு "வருமானம் அதிகம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்ப் பாருங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் இதற்கென்றே மையம் இருக்கிறது.

பெரிய சிக்கல் ரேஷன் கார்டில்தான். மருமகள் பேர் இன்னும் அம்மா வீட்டு கார்டிலேயே இருக்கும். பிறந்த குழந்தை பேர் எதிலும் இருக்காது. ஆம்பளைங்க பேரை மட்டும் யாரும் விடுவதில்லை!

ஆஸ்பத்திரியில் சேரும்போதே அட்டையைக் காட்டிவிடுங்கள். அது திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிதானா என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே அவர்கள் அனுமதி வாங்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் காட்டி வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 எண்ணுக்குப் பேசுங்கள், காசு கிடையாது.

அந்த அக்காவின் நகையை மீட்கக் குழுவிலிருந்து கடன் கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கோடு ரேஷன் கார்டையும் எடுத்துட்டு வாங்க. யார் பேர் விட்டுப்போயிருக்குன்னு சேர்ந்தே பார்த்துடலாம்.