எரிமலை வேண்டாம், நம் மலை போதும்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று பிள்ளை வந்து சொன்னதும் நம் வீடுகளில் நடப்பது என்ன? அத்தா கடைக்குச் சென்று தெர்மாகோல் வாங்கி வருகிறார். அம்மா இரவு கண்விழித்து வர்ணம் பூசுகிறார். மறுநாள் பிள்ளை அதனருகே நின்று, மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்பிக்கிறது. புவி அறிவியல் என்றாலோ பெரும்பாலும் எரிமலைதான். சமையல் சோடாவின்மீது வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், பார்ப்போர் கைதட்டுவர். தமிழகத்தில் நெருப்புக் கக்கும் எரிமலை ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம்!

திருவண்ணாமலைப் பிள்ளைகள் தினமும் பார்த்து வளர்வது 814 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையை. அம்மலை எதனால் ஆனது, மழை பெய்தால் அதன் சரிவில் என்ன நேர்கிறது என்பதை எந்தத் தெர்மாகோலும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

2024 டிசம்பர் 1ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள் அது. ஓயாத மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர். அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். வல்லுநர் குழு வந்து மலையை ஆராய்ந்தது. மண்ணின் உறுதி குறைந்திருந்ததால், அம்மாதம் 13ஆம் நாள் நடைபெற்ற தீபத் திருநாளில் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அதற்கடுத்த வாரம் மாலை மதரஸாவில் ஒரு சிறுமி கேட்டாள்: “ஹஜ்ரத், கல்லு எப்படித் தானா உருளும்?” நான் கலைப் பட்டதாரி. பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு நூலகத்துக்குச் சென்று தேடிப் படித்தேன்.

பாறை நாம் நினைப்பதுபோல் ஒரே கட்டியன்று. அதில் வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே நீர் இறங்கி, பாறையிலுள்ள கனிமங்களைக் காலப்போக்கில் களிமண்ணாக மாற்றுகிறது. வெடிப்புக்கு வெடிப்பு இடைப்பட்ட கெட்டியான நடுப்பகுதி மட்டும் உருண்டையாக எஞ்சி, அக்களிமண்ணில் பதிந்து நிற்கிறது. மலைச்சரிவுகளில் நாம் காணும் உருண்டைக் கற்கள் பலவும் இவ்வாறு உருவானவையே. பெருமழையில் களிமண் ஊறி இளகினால் கல்லைத் தாங்குவது எது?

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தாம்பாளமும் ஆற்றுமணலும் போதும். உலர்ந்த மணலைக் குவித்தால் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்கு மேல் நிற்காது, வழிந்துவிடும். சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால் செங்குத்தாகவே சுவர் எழுப்பலாம். மணல்களுக்கு இடையேயுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதே காரணம். இன்னும் நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இடைவெளிகள் முழுவதும் நிரம்பியதும் அந்தப் பிடிப்பு அற்றுப்போகும். உள்ளிருக்கும் நீரே மணல்களைத் தள்ளி விலக்கும். சுவர் திடுமெனச் சரியும். பிடித்து வைத்த அதே நீர்தான் வீழ்த்துகிறது! பிள்ளைகள் இதனை நான்கு முறை செய்து பார்த்தனர். ஒருவன் சரிவின் அடியில் கரண்டியால் கொஞ்சம் தோண்டி எடுத்தான். பாதி நீரிலேயே மொத்தமும் விழுந்தது. “வீடு கட்டுறதுக்குத் தோண்டின மாதிரி” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று இதனினும் எளிது. கண்ணாடிக் குப்பியில் தோட்டத்து மண்ணும் நீருமிட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் நொடியில் அடியில் தங்கும். வண்டல் மெல்லப் படியும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். நம் முன்னோராகிய அல்பிரூனீ 1030ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் இதே உண்மையைத்தான் ஆறுகளில் கண்டு எழுதினார். மலையருகே கற்கள் பெரியவை, தொலைவில் சிறியவை, கடலோரத்தில் மணல் என்று பார்த்து, இச்சமவெளி முன்பு கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த மண்ணால் தூர்ந்திருக்க வேண்டும் என முடிவு செய்தார். அவர் கையில் தெர்மாகோல் இல்லை. கண் இருந்தது.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் தாமே சோதனை செய்து பார்க்க 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் கண்காட்சி என்றதும் பரிசை எண்ணி நாமே செய்து கொடுத்துவிடுகிறோமே, அங்குதான் பிழை. கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததாக இருக்கட்டும்.

முதலில் கேள்வி கேட்ட சிறுமியின் வீடும் சரிவை ஒட்டியதுதான். குப்பியும் தாம்பாளமும் செய்து பார்த்த மறுவாரம் அவள் தன் அத்தாவைக் கைப்பிடித்து வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றிருக்கிறாள். மழைநீர் ஓடவேண்டிய வாய்க்காலில் பிளாஸ்டிக் பைகளும் கட்டட இடிபாடுகளும் அடைத்துக் கிடந்தன. நீர் தேங்கி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறன்று அவர் மண்வெட்டி எடுத்தார். அக்கம்பக்கத்தார் நால்வரும் வந்து சேர்ந்துகொண்டனர்.